செவ்வாய்க்கிழமை வரச் சொன்ன சிஸ்டர்

என் மனைவி ஜெயக்கொடிக்கு அடுத்தவர் கதை என்றால் உயிர். இதைப் புகாராகச் சொல்லவில்லை. சிலருக்கு வெற்றிலை, சிலருக்குச் சீட்டாட்டம், இவளுக்கு இது. சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறினால் செக்கானூரணியில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் கொழுந்தனுக்கு ஏன் பெண் அமையவில்லை என்பது வரைக்கும் தெரிந்துகொண்டுவிடுவாள். அதற்காக அவள் அதிகம் பேசுவதும் கிடையாது. "அப்புறம்?" என்பாள், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் மடியை அவிழ்த்துக் கொட்டிவிடுவார்.

பெண் பார்க்கப் போன அன்று நான் பஜ்ஜித் தட்டில் கை வைக்கும் முன்பே, "வாடகை சைக்கிள் கடை வச்சிருக்கீகளாம்ல? எடுத்துட்டுப் போனவன் திரும்பி வரலைன்னா என்ன செய்வீக?" என்று கேட்டாள். பெண் குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய நேரம் அது. என் அப்பா முகம் கறுத்துப் போனது. "வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்றேன். "அப்புறம்?" என்றாள். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். இதில் வருகிறவர்கள் இன்றைக்கும் என் கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். எண்பத்தொன்று, எண்பத்திரண்டில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவள் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவாள், நான் கதை கேட்பேன். வார்டில் அவளுக்கு 'சி.ஐ.டி. சிஸ்டர்' என்று பெயர். காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கப் போனவள், அந்தக் காய்ச்சல்காரியின் நாத்தனார் சண்டை வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்வாள்.

அந்த வார்டில் யாருக்கும் பிடிக்காத நோயாளி ஒருத்தி இருந்தாள். செல்லக்கிளி என்று பெயர். டி. கல்லுப்பட்டிப் பக்கம் சொந்த ஊர். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒட்டவில்லை. ஜெய்ஹிந்துபுரத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு அப்பளம் தேய்த்துப் பிழைத்தாள். சின்ன வயசுதான். மாதம் தவறாமல் கையைக் கிழித்துக்கொண்டு வந்து சேருவாள். தையல் போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினால் தழும்பு காய்வதற்குள் மறுபடியும் வாசலில் நிற்பாள்.

"ஏய், அப்பளம் வந்துருச்சுடி" என்பார்கள் நர்சுகள். அப்பளம் தேய்க்கிறவள், தொட்டால் நொறுங்குகிறவள் என்று அர்த்தமாம். கக்கூஸை ஒட்டிய கட்டில்தான் அவளுக்கு. கூப்பிட்டால் கடைசியாகத்தான் போவார்கள். எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஒன்று: அவளுக்குத் தையல் போடும்போது மரத்துப்போகும் ஊசி போடுவதில்லை. "தானாக் கிழிச்சுக்கிட்டவளுக்கு ஊசி எதுக்கு? வலிச்சாத்தான் புத்தி வரும்" என்பது தலைமை நர்ஸ் சோலையம்மாள் வகுத்த சட்டம்.

சோலையம்மாளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். தீக்காயம் பட்டுக் கிடக்கும் பெண்களுக்குத் தன் வீட்டு மரத்து இளநீரைச் சீவிக் கொண்டுவந்து ஊட்டுகிறவர். "பொழைக்க முடியாதவளுக பொழைக்கணும்னு துடிக்கிறாளுக. நல்லாக் கல்லுமாதிரி இருக்கிறவ சாகப் போறேன்னு வர்றா. எந்த வயிறு எரியாது?" என்பார். அந்த நியாயத்துக்கு நானும் தலையாட்டியவன்தான்.

மனநோய் டாக்டர் ஒருவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இது நடிப்பு இல்லைம்மா. பர்சனாலிட்டி டிஸார்டர். சின்னதா யாராவது விலகுனாலே இவங்களுக்குத் தாங்காது" என்று சொல்லிப் போனார். மாத்திரை உண்டா என்று கேட்டதற்கு, இதற்கென்று மாத்திரை இல்லை, ஆள் பொறுமையாகப் பழகுவதுதான் மருந்து என்றாராம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வார்டிலோ அது வேறு மாதிரி விளைந்தது. மாத்திரை இல்லாத வியாதி ஒரு வியாதியா? "திமிருக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்காக" என்று சிரித்தார்கள். முன்பாவது திட்டினார்கள், பெயர் வைத்த பிறகு திட்டுவதையும் விட்டுவிட்டார்கள்.

ஜெயக்கொடிக்கு அவள்மேல் இரக்கம் வந்து உருகிவிட்டாள் என்று எழுதினால் அது பொய். அவளுக்கு வந்தது அரிப்பு. தெரிந்துகொள்ளும் அரிப்பு. காரணம் ஒரு டம்ளர்.

ஒருநாள் காலையில் கட்டு மாற்றும்போது செல்லக்கிளி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்கு நீங்கதான் தெய்வம். மத்தவளுக எல்லாம் ராட்சசிக" என்று அழுதிருக்கிறாள். மத்தியானம் இவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனால் அதே வாய், "நீயும் அவளுக கூட்டந்தான்டி!" என்று கத்த, எவர்சில்வர் டம்ளர் பறந்து வந்து இவள் தோளில் பட்டிருக்கிறது. கூட இருந்த நர்சுகள், "பாத்தியா? உன்னைத் தூக்கி வச்சு மத்தவளைத் திட்டுவா, அப்புறம் உன்னையும் போட்டு உடைப்பா. சிண்டு முடிஞ்சு விடுறதுதான் அவ பொழப்பு" என்றார்களாம். நானாக இருந்தால் டம்ளரைத் திருப்பி எறிந்திருப்பேன். எனக்கு மூக்குமேல் கோபம் வரும்.

மறுநாள் வராந்தாவில் தோளைத் தடவிக்கொண்டே இவள் கேட்டது: "காலையில தெய்வம், மத்தியானம் பேய். நான் நானாத்தானே இருக்கேன்? நடுவுல என்னங்க நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சு, நீ சோறு தின்ன" என்றேன்.

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "ஆமா. நீங்க தூக்கோட வந்து நின்னீக. நான் பாதிப் பேச்சுல எந்திரிச்சு வந்துட்டேன். ஒண்ணும் சொல்லலை."

அதற்கு அடுத்த நாள் எழுந்து வரும்போது, "ஏத்தா கிளி, அவரு சோத்தோட வந்து நிக்கிறாரு. சாப்பிட்டு இங்கதான் வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் சாப்பிடவே இல்லை, உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. டம்ளர் ஜன்னல் திண்டில் இருந்தபடி இருந்தது. இதற்கு மறுநாள் வேண்டுமென்றே சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்று யோசித்து, பாவம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். இவளை நம்ப முடியாது, பரிசோதித்தாலும் பரிசோதிப்பாள்.

அப்புறம் அடுத்த முறை அவள் கிழித்துக்கொண்டு வந்தபோது, தையல் போடும் நேரத்தில் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "இம்புட்டுக் குத்துறாகளே, கையை இழுக்கவே மாட்டேங்கிற. வலிக்கலையா?" செல்லக்கிளி யோசித்துப் பதில் சொன்னாளாம். "இப்ப வலிக்காது சிஸ்டர். உள்ள ஒண்ணு அம்புட்டு வலிக்கும்ல, அது இருக்கையில இது தெரியாது. நாளைக்குத்தான் தெரியும்." அத்தனை தடவை வந்து போனவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது ஜெயக்கொடி சிரிக்கவில்லை. வலிச்சாத்தான் புத்தி வரும் என்ற சட்டம் அங்கேயே செத்துப்போனது என்று எனக்குக்கூடப் புரிந்தது.

பெரிய டாக்டர் பொறுமை இழந்தது அந்தச் சமயத்தில்தான். கட்டில் இல்லாமல் தரையில் நோயாளிகள் கிடக்கிறார்கள், இவளுக்கு மாதம் ஒரு கட்டிலா என்று ரவுண்ட்ஸில் சத்தம் போட்டார். அடுத்த முறை கிழித்துக்கொண்டு வந்தால் மெட்ராஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிடுவேன் என்றார். அவர் போனதும் செல்லக்கிளியின் அம்மா தங்கப்பொண்ணு ஜெயக்கொடியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "கல்லுப்பட்டியில இருந்து மதுரைக்கு வாரதுக்கே ஒருநா கூலி போகுது தாயி. மெட்ராசுக்கு அனுப்புனா நான் எங்க போய்ப் பாப்பேன்? அங்க விட்டா எம்மக நான் அவளைத் தூக்கி எறிஞ்சுட்டேன்னு நினைப்பா. அப்புறம் உசுரோட இருக்க மாட்டா."

இவள் வழக்கம்போல அவளையும் விசாரித்தாள். செல்லக்கிளி குழந்தையாக இருந்தபோது தங்கப்பொண்ணு கரும்பு வெட்டுக்கு வாரக்கணக்கில் வெளியூர் போவாளாம். "சொல்லிட்டுக் கெளம்புனா காலைக் கட்டிக்கிரும் தாயி. அதனால தூங்கையில போயிருவேன். எந்திரிச்சுத் தேடும்." இதில் அந்தத் தாயைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளை பார்க்காத நேரமாக நழுவுவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஜெயக்கொடியே அன்றைக்கு என்னிடம், "எல்லாப் புள்ளைகளும் அழுது ஓஞ்சு வெளையாடப் போயிருதுக. இவ மட்டும் ஏன் இன்னும் தேடிக்கிட்டே இருக்கா?" என்றாள். அந்தக் கேள்விக்கு அவளுக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

ஆனால் வேறொன்று அவள் கண்ணில் பட்டது. செல்லக்கிளி எப்போதும் டிஸ்சார்ஜ் ஆகி இரண்டொரு நாளில்தான் உடைகிறாள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்போம், அவர்களும் "போயிட்டு வாங்க" என்பார்கள். சொல்லாமல் கிளம்புவது இரண்டே இடத்தில். ஒன்று சாவு வீடு, இன்னொன்று ஆஸ்பத்திரி. அந்த இரண்டு வாசலுக்கும் மறுபடி வரும்படி ஆகிவிடக் கூடாதே! குணமாகிப் போகிறவளை நர்சுகள் வழியனுப்ப மாட்டார்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் அவளுக்குச் செய்யும் நல்லது. போகிறவளும் திரும்பிப் பார்க்காமல் போவாள். இந்த நல்லதைத்தான் ஒவ்வொரு தடவையும் செல்லக்கிளிக்கும் செய்திருக்கிறார்கள்.

"மத்தவளுகளுக்கு அது சகுனம். இவளுக்கு அது தூங்கையில போன ஆத்தா" என்றாள் ஜெயக்கொடி. "நான் இவளைப் 'போயிட்டு வா'ன்னு சொல்லி அனுப்பப் போறேன். காயத்தோட வந்தாத்தான் மூஞ்சி குடுத்துப் பேசுவோம்னு இல்லாம, காயமில்லாம ஒருநா வரச் சொல்லப் போறேன். செவ்வாய்க்கிழமை எங்க வார்டுல ஆபரேசன் கிடையாது."

வேண்டாமே என்றேன். காரணம், அப்போது அவள் மூன்று மாதம். அதற்கு முன்னால் உண்டானது தங்காமல் போயிருந்தது. பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியில் நின்று ஒருத்தியை 'வா' என்று சொல்வதா? சகுனத்தை நம்பாதவள் இல்லை அவள். பூனை குறுக்கே போனால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ரகம். அன்று ராத்திரி அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை, ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தூங்குவதாக நடித்தோம்.

பெரிய சிஸ்டர் கேட்டுவிட்டுக் கொதித்துப் போனார். "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வான்னு சொல்றவ வீடு வெளங்குமா? அதுவும் செவ்வாயோ வெறுவாயோம்பாக, அந்தக் கெழமையிலயா? புள்ளத்தாச்சி நீ. அவ நாளைக்கே கிழிச்சுக்கிட்டு வந்தா உன் நாக்குத்தான் கூப்பிட்டுச்சும்பாக."

"வந்தா வரட்டும் பெரிய சிஸ்டர். வான்னு சொல்லாமயே இத்தனை தடவை வந்துட்டாளே" என்றாள் இவள்.

டிஸ்சார்ஜ் அன்று பங்குனி வெயில். மூட்டையைத் தூக்கிக்கொண்டு செல்லக்கிளி படி இறங்கும்போது இவள் வயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "கிளி, போயிட்டு வா. செவ்வாய்க்கிழமை வா. காயம் இருந்தாத்தான் வரணும்னு இல்ல, சும்மா வா" என்றாளாம். வார்டே திரும்பிப் பார்த்தது. செல்லக்கிளி நம்பாமல், "எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "நீ என்ன கொழம்பு வச்சேன்னு கேக்கத்தான். எனக்குத் தெரியணும்."

செவ்வாய்க்கிழமை வந்தாள். கை சுத்தமாக இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கத்தரிக்காய்க் குழம்பு என்று சொல்லி, அப்பளக் கம்பெனிக்காரியோடு போட்ட சண்டையைச் சொல்லி, ஜெயக்கொடி நான்கு 'அப்புறம்' கேட்டு, "போயிட்டு வா" என்று அனுப்பினாள். அடுத்த வாரமும் வந்தாள். ஒருநாள் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனாள், மறுவாரம் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து உட்கார்ந்தாள். உள்ளே வலித்த நாட்களும் உண்டாம். கிழிக்கத் தோன்றியபோது, செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் கொஞ்சம்தானே என்று தள்ளிப் போட்டதாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற நர்சுகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி, "சண்டை என்னாச்சு?" என்று தானாக வந்து கேட்டாள். கதை கேட்பதும் தொற்றுவியாதிதான். பெரிய சிஸ்டர் மட்டும் அந்தப் பெஞ்சைப் பார்க்காமல் நடப்பார்.

ஆவணியில் ஜெயக்கொடி பிரசவத்துக்குச் செக்கானூரணித் தாய்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே செல்லக்கிளியிடம் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். "நான் போயிட்டு வாரேன். நீ செவ்வாய்க்கிழமை வாரதை விட்டுறாத." பெரிய சிஸ்டரிடம், "அவளை நீங்கதான் பாத்துக்கணும்" என்றாள். அவர் காதில் விழாத மாதிரி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்.

செக்கானூரணியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகமாக, ஊரைக் கூட்டும் தொண்டையோடு பிறந்தது. நான் கற்கண்டுப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

வார்டு வாசலில் நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கக்கூஸ் பக்கத்துக் கட்டிலில் செல்லக்கிளி. கையில் ரத்தத் துணி. தங்கப்பொண்ணு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். பெரிய டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன். மெட்ராசுக்கு எழுதுறேன்" என்றார். கற்கண்டு என் கையில் பிசுபிசுத்தது. ஜெயக்கொடிக்கு என்ன சொல்லப் போகிறேன்?

"வேண்டாம் சார்" என்றார் சோலையம்மாள். "அவ செவ்வாய்க்கிழமை வரணும்."

"என்ன செவ்வாய்க்கிழமை?"

"வரச் சொல்லியிருக்கு சார். கொடி சொன்னா... இல்ல, வார்டு சொல்லியிருக்கு. மெட்ராசுல இருந்து எப்படி சார் வருவா?"

"வந்து என்ன ஆச்சு? கிழிச்சுக்கிட்டுத்தானே வந்திருக்கா?"

பெரிய சிஸ்டர் குரல் இறங்கிவிட்டது. "போன செவ்வாய்க்கிழமைகூடக் காயமில்லாமத்தான் சார் வந்தா. அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தா. வெயில் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்தா. நான் பாத்துக்கிட்டே போனேன். ஒரு வார்த்தை கேக்கலை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பங்குனியில இருந்து ஒருதடவைகூடக் கிழிச்சுக்கலை, இப்பத்தான் சார் இது. சர்க்கரைக்காரிக்கு ஒருதடவை சர்க்கரை ஏறுனா மெட்ராசுக்கா அனுப்புறோம்? இங்கயே வச்சுப் பாக்குறோம்ல" என்றார்.

டாக்டர் அவரையே பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் அந்த அம்மாள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "உங்க பொறுப்பு" என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சோலையம்மாள் தையல் தட்டைப் பார்த்தார். "மரத்துப்போற ஊசி எங்கடி? எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்தக் கத்தலில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே செக்கானூரணி போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, நான் வந்துட்டேன்."

"இம்புட்டுப் பாத்துட்டு, அவ கெளம்பையில பெரிய சிஸ்டர் என்ன சொல்லுறாகன்னு பாக்காம வந்தீகளாக்கும்? அதுதானே விசயம்! டிஸ்சார்ஜ் என்னிக்கு?"

மனைவி ஆஸ்பத்திரியில் இல்லை, தூக்குச்சட்டிக்கும் வேலை இல்லை. ஆனாலும் செல்லக்கிளி டிஸ்சார்ஜ் ஆகும் அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு வராந்தா தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். என் பிழைப்பைப் பாருங்கள்.

செல்லக்கிளி மூட்டையோடு வந்தாள். வழக்கமாக முகம் திருப்பும் இடத்தில் சோலையம்மாள் நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார், மறுபடியும் இழுத்துச் செருகினார். காலமெல்லாம் கட்டிக்காத்த வழக்கம் அல்லவா, லேசில் விட்டுவிடுமா? செல்லக்கிளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், நகரவில்லை.

"போயிட்டு வா" என்றார். "செவ்வாய்க்கிழமை வா. நான் இருப்பேன்."

குடலிறக்க ஆபரேசனுக்கு வந்து கிடந்த ஒரு கிழவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா, ஆசுபத்திரியில நின்னுக்கிட்டு இப்படிச் சொல்லலாமா?"

"இவளுக்குச் சொல்லணும் ஆத்தா" என்றார் சோலையம்மாள்.

"வாரேன் பெரிய சிஸ்டர்" என்று செல்லக்கிளி படி இறங்கினாள். கேட் வரைக்கும் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு செக்கானூரணிக்கு மிதித்தேன். ஜெயக்கொடி கேட்பாள்.